கேசட்டில் இரண்டாவது குரல்

"நிப்பாட்டாதை. திரும்பப் போடு."

கேசட்டை நிறுத்தப் போன கனகேஸ்வரி, சமையலறை வாசலில் நின்ற யார்மிலாவின் முகத்தைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேல்மாடிக் கிழவரைப் பராமரிக்கும் ஸ்லோவாக்கியப் பெண் அவள். கனகேஸ்வரி வேலை செய்யும் வீட்டுச் சிக்னோரா வெளியே போகும் மத்தியானங்களில் லிபெர்த்தா தெருவின் அந்தக் கட்டடத்தில் இருவரும் உடைந்த இத்தாலியனில் ஊர்க்கதை பேசுவார்கள். இன்று உப்புக் கேட்டு வந்தவள் உப்பை மறந்துவிட்டாள்.

"அது என்ரை தம்பி தனேஸ்."

"தம்பி இல்லை. அவனுக்குப் பின்னாலை ஒருத்தி கதைக்கிறாள். அவளைக் கேக்கவேணும்."

இரண்டு மாதத்துக்கு முன், ஜெர்மன் முத்திரை ஒட்டிய உறையில் வந்த கேசட் அது. கடிதம் இல்லை. தனேஸின் குரல் மட்டும்.

"அக்கா, கால் முறிஞ்சுபோச்சு. எல்லை கடத்திவிடுற ஏஜென்சிக்காரன் என்னை ஒரு வீட்டுக்கை பூட்டிப்போட்டு மற்ற ஆக்களோடை போறான். எந்த நாடு, எந்த ஊர் எண்டு தெரியாது. போற ஆக்களிட்டை இதைக் குடுத்துவிடுறன்."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கணவன் கோபாலசிங்கம் முத்திரையை நம்பி ஜெர்மனியில் தெரிந்த அத்தனை பேருக்கும் போன் அடித்துப் பார்த்தான். ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னால் இரைந்த குரலைப் பற்றி மட்டும் அவனுக்குச் சந்தேகமே இல்லை: "அது போலீஸ் ஸ்பீக்கர். வெளி ஆக்களுக்குப் போட்டுக் காட்டாதை." அவளும் அதை நம்பினாள். யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு ஸ்பீக்கர் வந்தால் ஒன்று ஊரடங்கு, இல்லையென்றால் ஊரை விட்டு வெளிக்கிடு. வேறென்ன?

போலீஸ் என்று அவள் சொன்னதும் யார்மிலா சிரித்தாள். "போலீஸ் முதல்லை பாட்டுப் போடுமா? எங்கடை நாட்டிலை சின்னச் சின்ன ஊரிலையும் கம்பங்களிலை ஸ்பீக்கர் இருக்கு. பழைய அரசாங்கம் பூட்டினது. அரசாங்கம் போயிட்டுது, ஸ்பீக்கர் நிக்குது. இது ஊர்ச் சபைக் கந்தோரின்ரை அறிவித்தல்."

"என்ன சொல்லுறாள்?"

"முட்டைக் கோழி விக்கினமாம். வியாழக்கிழமை லொறி வருமாம். பெட்டி கொண்டு வரட்டாம்."

இரண்டு மாதமாக நித்திரையில்லாமல் அவள் பயந்தது ஒரு கோழி லொறிக்கு.

"ஊரின்ரை பேரைச் சொல்லுறாளே?"

"ஊர்ச் சனத்துக்கு அவையின்ரை ஊர்ப் பேரை ஆர் சொல்லுவினம்?"

கேசட்டைச் சுற்றினார்கள். இந்த முறை யார்மிலா ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு விரலை உயர்த்தினாள். "இப்ப அதையே ஹங்கேரியனிலை சொல்லுறாள். அவளின்ரை ஸ்லோவாக்கியனும் கிழக்குப் பக்கத்துப் பேச்சு. அப்ப இது உக்ரைன் எல்லைக்குக் கிட்ட."

"ஏன் இரண்டு பாஷை?"

"முந்தி ஹங்கேரி ஆண்ட பக்கம். இரண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச பிறகு கொஞ்ச ஹங்கேரிக்காரரை ரெயில்லை ஏத்தி எல்லைக்கு அங்காலை விட்டவை. அங்காலை இருந்த எங்கடை ஆக்களை அந்த வீடுகளிலை கொண்டுவந்து இருத்தினவை. மிஞ்சின ஹங்கேரிக்காரர் இப்பவும் பக்கத்து வீடு."

"சனத்தைக் கேட்டவையே?"

யார்மிலா கேசட்டை மறுபடி சுற்றிக் காதை வைத்தாள்.

"கோழி லொறி அவையளிட்டை ஒன்பது மணிக்கு. பிறகு ஒன்பதரைக்கு பெர்லோவா எண்ட ஊருக்காம். பெர்லோவா எனக்குத் தெரியும், தங்கச்சி கலியாணம் கட்டின இடம். அதுக்குக் கிட்ட இரண்டு ஊர். ஒண்டு மேட்டிலை, திராட்சைத் தோட்டம். மற்றது ஆத்தங்கரையிலை. உன்ரை தம்பி ஜன்னலாலை என்ன பார்த்தவன்?"

கேசட்டில் தனேஸ் சொன்னதெல்லாம் கனகேஸ்வரிக்கு மனப்பாடம். "ஒரே வெளியாம். வயல் மாதிரித் தண்ணி நிக்குதாம். கம்பத்து உச்சியிலை பெரிய கூடு கட்டி ஒரு கொக்கு."

"அப்ப ஆத்தங்கரை ஊர். யெல்ஷானி," என்றாள் யார்மிலா. "முந்நூறு சனம். ஒரு கடை, இரண்டு தேவாலயம். ஒண்டின்ரை மணி ஓயத்தான் மற்றது அடிக்கும்."

அடுத்த நாள் வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடையில் இருவரும் ஒரே கூண்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். யார்மிலாவின் தங்கை எடுத்துத் தந்த யெல்ஷானிக் கந்தோர் நம்பர். யார்மிலா பேசினாள். இரண்டே வசனம். முகம் சுருங்கியது.

"வெளிநாட்டுக்காரர் ஒருத்தரும் இல்லையாம்."

கனகேஸ்வரி கூண்டுக் கதவைத் திறக்கப் போனாள். யார்மிலா ரிசீவரை வைக்கவில்லை. "யோசிக்காமல் உடனை 'இல்லை' எண்டவள். எந்த நாட்டுக்காரன் எண்டுகூடக் கேக்கேல்லை. பொறு." மறுபடி பேசினாள், இந்த முறை மெதுவாக, நிறைய. பிறகு ரிசீவரை நீட்டினாள். "நீ தமக்கை எண்டு சொன்னன். நம்புறாளில்லை. நீ கதை."

"நான் என்னத்தைக் கதைக்க? அவவுக்கு விளங்காதே."

"விளங்கத் தேவையில்லை. குரலைக் கேக்கட்டும்."

அவள் தனேஸின் பெயரைச் சொன்னாள். அம்மா ஒவ்வொரு கிழமையும் கேட்கிறா என்றாள். பிறகு அழுதாள். அந்தப் பக்கம் நாற்காலி தள்ளுப்பட்டது. கதவு அடிபட்டது. வெகுநேரம் வெறும் காற்று. கடைக்காரன் வெளியே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். யார்மிலா அவனுக்கு முதுகைத் திருப்பினாள்.

"ஆர்?" மூச்சு வாங்க ஒரு குரல்.

"டேய் தனேஸ்."

"அக்கா? என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள்? எனக்கே இந்த ஊரின்ரை பேர் போன மாதம்தான் தெரியும்."

"கால் எப்பிடி?"

"நடக்கிறன். உங்கடை நம்பரும் விலாசமும் எழுதின துண்டும் பையும் ஏஜென்சிக்காரனோடை போயிட்டுது. பிறகு என்னைத் தேடி வந்தவன். இந்தக் கந்தோர் மனிசி அதுக்கு முதலே என்னை வெளியிலை எடுத்துத் தன்ரை வீட்டிலை ஒளிச்சுவைச்சுக்கொண்டு, இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லி அனுப்பினவ. ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா."

கனகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மனிசி பக்கத்திலை நிக்கிறாவே?"

"ஓம். நிக்கிறா."

"போனை அவவிட்டைக் குடு," என்றாள், யார்மிலாவின் கையைப் பிடித்து இழுத்தபடி.