பத்தரைக்குத் திரும்பும் தண்ணீர்

மலேசியாவின் கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்தில், அஸ்தி கரைக்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறேன். வருகிற யாரும் என்னிடம் நீரோட்டத்தைக் கேட்பதில்லை. நாள்காட்டியைக் கேட்டுவிட்டு வந்து நிற்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மாரியாயி அக்கா, கணவர் தம்புசாமியின் அஸ்தியோடு மகன் குருவை அழைத்து வந்தார். தம்புசாமி முப்பது வருடம் தூர்வாரும் கப்பலில் இருந்தவர். ஒரு காலத்தில் கப்பல்கள் ஆற்றில் ஏறிக் கிள்ளான் நகரம் வரை வந்தன. சேறு சேர்ந்தது, கப்பல்களும் பெருத்தன, துறைமுகமே கடலோரத்துக்கு இறங்கிவிட்டது. அங்கேயும் சேறு விடவில்லை. அதை அள்ளி அள்ளி ஊர்க் கப்பல்களுக்கெல்லாம் வழிவிட்ட மனிதர், கப்பல் வழியைக் காட்டும் கடைசி மிதவையைத் தாண்டியதே இல்லையாம்.

"ஒரு தடவ வெளிக்கடலுக்குப் போவணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு தம்பி. இப்பயாச்சும் போவட்டும்," என்றார் அக்கா.

"அப்ப பத்தரைக்கு மேல கரைங்கக்கா. இப்ப தண்ணி உள்ள ஏறுது."

"பத்தரைக்கு ராகு காலம் லா அங்கிள்," என்றான் குரு.

ஒன்பதேகாலுக்கு முகத்துவாரத்தில் இஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டேன். புகைமூட்டத்தில் கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. தூரத்துக் கப்பல்கள் ஆகாயத்தில் நிற்பதுபோல் இருந்தன. குரு பாதி அஸ்தியைக் கரைத்துப் பூவைத் தூவினான். சாமந்தி இதழ்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, ஆற்றுக்குள் சாவகாசமாக மிதந்து போயின.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "எங்க போறாரு?"

"உங்க வீட்டுப் பக்கம்தான்," என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

குரு கலயத்தைக் கவிழ்க்கப் போனான். அக்கா அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இருடா."

"அம்மா, ராகு காலம் வந்துடும்!"

"வரட்டும்."

காத்திருந்தோம். பத்தரைக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது. பிறகு படகின் மூக்கு தானாகத் திரும்பியது. எனக்குத் தூக்கம் மாதிரி ஏதோ வந்தது. பதினொன்றே முக்காலுக்கு, புகைக்குள்ளிருந்து மஞ்சள் இதழ்கள் ஒன்றிரண்டாக வந்தன.

"வீட்டப் பாத்துட்டு வந்துட்டாரு," என்றார் அக்கா. மிச்ச அஸ்தியைத் தன் கையாலேயே கரைத்தார்.

முப்பது வருடமும் வேலைக்குக் கிளம்பிய கணவரிடம் 'போயிட்டு வாங்க' என்று சொல்லியிருப்பார். அன்று பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

"போங்க," என்றார்.