ஒன்பது மதிப்பெண் விருந்தாளி

டிசம்பர் மாதிரித் தேர்வு முடிந்த அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை மதியப் பேருந்தில், உலகத்திலேயே இல்லாத பீட்டர் எங்கள் ஊர் ஷாகோவில் வந்து இறங்கினார். அன்று காற்றில் புழுதி அதிகம். உருளைக்கிழங்கு மூட்டைகளும் ஒரு ஆடும் இறங்கிய பிறகு அவர் இறங்கியதாக ஓட்டுநர் பின்னர் சொன்னார். கையில் ஒரு பை, காலில் உள்ளே கம்பளி வைத்த தடித்த காலணி. பார்த்தவர்களில் சிலர் அவருக்கு இருபது வயது என்றார்கள், சிலர் ஐம்பது என்றார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அவரைப் பற்றி வினாத்தாளில் இருந்ததெல்லாம் ‘உன் வெளிநாட்டு நண்பர் பீட்டர்’ என்ற ஒரு வரிதான். வயதை யாரும் அச்சிடவில்லை.

சீனாவின் வடமேற்கில், எங்கள் கான்சு மாகாணத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பீட்டரைத் தெரியும். ஆங்கிலத் தேர்வின் கடைசிக் கேள்வியில் அவருக்கு ஒரு கடிதம் எழுதியாக வேண்டும். ஒரு வருடம் வாழ்த்து, ஒரு வருடம் மன்னிப்பு, இன்னொரு வருடம் தேநீர் போடும் முறை. இருபத்தைந்து மதிப்பெண். அந்த டிசம்பரில், சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு அவரை வீட்டுக்கு அழைக்கச் சொல்லியிருந்தார்கள். ஷாகோ இரண்டாம் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்த நானூறு சொச்சம் பேரும், ஆங்கில ஆசிரியை ஷாங் மனப்பாடம் செய்வித்ததை அப்படியே இறக்கி வைத்தார்கள். தங்கள் நலமறிய ஆவல், எங்கள் பண்பாடு தொன்மையானது, தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன். வெய் யாச்சின் என்ற பெண்ணுக்கு மட்டும் அன்று பாடம் செய்த வரிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. விரல் விறைத்திருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது. தன்னிடம் இருந்த கொஞ்ச ஆங்கிலத்தை வைத்து, உண்மையில் ஒரு ஆள் வந்தால் என்ன சொல்வாளோ அதை எழுதினாள். அது ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘பீட்டர், நீ வா. வீடு பேருந்து நிலையம் பின்னால், வாசலில் பெரிய ஜாடி நிற்கிறான். அண்ணன் தெற்கே தொழிற்சாலை போனாள், படுக்கை பாதி காலி. இரவு குளிர் இருக்கிறார்கள், தடித்த காலணி போட்டு வந்தாய். நீ நிறைய சாப்பிட்டால் என் அம்மா சந்தோஷம் ஆனான்.’ ஷாங் டீச்சர் சிவப்பு மையில் பதினாறு இடங்களில் வட்டம் போட்டு, ஒன்பது மதிப்பெண் கொடுத்தார்.

பீட்டர் நேராக நிலையத்தின் பின்புறம் போய், முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடி நிற்கும் வாசலில் நின்றார். யாச்சினின் தாய் குய்லியான் அப்போதுதான் பள்ளி வாசலில் இருந்து நூடுல்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பியிருந்தாள். கணவன் இறந்த பிறகு ஆறு வருடமாக அந்த வண்டிதான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. வந்தவர் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரிந்தது, அவர் பசியோடு இருக்கிறார் என்பது மட்டும். மீதமிருந்த குளிர்ந்த உருளைக்கிழங்கு மாவு நூடுல்ஸில் மிளகாய் எண்ணெயும் வினிகரும் ஊற்றிக் கொடுத்தாள். மூன்று கிண்ணம் போயிற்று. மகன் தெற்கே வேலைக்குப் போனதிலிருந்து இப்படி யாரும் அவள் கண்முன் சாப்பிட்டதில்லை. யாச்சின் மாலை வகுப்பு முடிந்து வந்தபோது, அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்கிய மண்படுக்கையில் அண்ணனின் பாதியில் அவர் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் காவல் நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டினார்கள். நாடு என்ற இடத்தில் ‘வெளிநாடு’ என்று அச்சிட்டிருந்தது. எழுத்தர் அதையே பதிவேட்டில் எடுத்தெழுதி முத்திரை குத்தினார்.

விதவை வீட்டில் வெளிநாட்டு ஆம்பிளை என்று ஒரு வாரம் ஊர் பேசியது. பிறகு ஊருக்கு அதைவிட முக்கியமான யோசனை வந்தது. பட்டணத்துப் பிள்ளைகள் மணிக்கு இவ்வளவு என்று கொட்டிக் கொடுத்து வெள்ளைக்காரரிடம் ஆங்கிலம் பேசிப் பழகுகிறார்கள். நமக்கோ ஒருத்தர் நூடுல்ஸ் வண்டியில் வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் இடைவேளையில் அவரைச் சூழ்ந்துகொண்டு பேசினார்கள், அவரும் சலிக்காமல் பேசினார். ஜனவரித் தேர்வில் அவரோடு அதிகம் பேசிய பிள்ளைகளின் மதிப்பெண் விழுந்தது. பீட்டர் எந்தக் கடிதத்தில் இருந்து வந்தாரோ அந்தக் கடிதத்தின் ஆங்கிலம்தான் அவருக்கு வாய்த்திருந்தது. அவர் பேச்சில் ஜாடி நின்றான், அம்மா வந்தான், நேற்று போவார்கள். பெற்றோர்கள் பள்ளிக்குப் படையெடுத்தார்கள். ஒருவர் யாச்சினின் ஒன்பதை உயர்த்துவதுதானே நியாயம், அவள் கூப்பிட்டுத்தானே ஆள் வந்திருக்கிறார் என்றும் கேட்டார். ஷாங் டீச்சர் விடைத்தாளை மறுபடி எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

“ஆள் வந்துட்டார்ங்கிறதுக்காக இலக்கணம் சரியாயிடுமா? ஒன்பது ஒன்பதுதான்” என்றார்.

புகார் வட்டக் கல்வி அலுவலகம் வரை போய், பான் என்ற அதிகாரி நேரில் வந்தார். தீர்வு எளிது என்று அவர் நினைத்தார்: பீட்டரையே தேர்வு எழுத வைப்பது. காலியாக இருந்த வகுப்பறையில் அவரை உட்கார வைத்து, கேட்டல் பகுதியின் ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். வழக்கம்போல ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பேசினார்கள். பீட்டர் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பேரையும் அவருக்குத் தெரியும், அவர் தெருக்காரர்கள். ‘அந்த ஆண் அடுத்து என்ன செய்யக்கூடும்’ என்ற கேள்விக்கு நூலகம், கடை, மருத்துவமனை என்று மூன்று விடைகள் கொடுத்திருந்தார்கள். பீட்டர் மூன்றையும் விட்டுவிட்டு, அவன் எங்கும் போகவில்லை, அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான், அவர்களுக்குக் குழந்தை இல்லை என்று ஓரத்தில் எழுதினார். எல்லாக் கேள்விக்கும் நடந்தது எதுவோ அதையே எழுதியதால் ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை. கடைசிக் கேள்வியில் பீட்டரைத் தேநீர் விருந்துக்கு அழைக்க வேண்டியிருந்தது. தன்னைத் தானே எப்படி அழைப்பது என்று தெரியாமல் அதை வெறுமையாக விட்டார்.

பான் தாளை மூடி வைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை. ஷாங் டீச்சரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பீட்டர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். தான் பள்ளியில் எழுதிய தேர்வில் ஒரு பெண் ரயிலில் குடையை விட்டுவிட்டுப் போனதாக வந்தது என்றும், அந்தக் குடையின் நிறம் என்ன என்று மட்டும்தான் கேள்வி கேட்டார்கள் என்றும், குடை கடைசியில் அவளுக்குக் கிடைத்ததா இல்லையா என்பது இருபது வருடமாகத் தன் மனதைக் குடைவதாகவும் சொன்னார். குடை கிடைத்தான் என்றார் பீட்டர். பான் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். அறிக்கையில், மேற்படி நபரின் ஆங்கிலத் தகுதி போதுமானதல்ல, மற்றபடி ஆட்சேபம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஊரில் யாரும் பீட்டரிடம் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வரவில்லை. ஒலிப்பதிவு ஆட்களைப் பற்றி விசாரிக்க மட்டும் வந்தார்கள்.

வசந்த விழாவுக்கு அண்ணன் யாதோங் தெற்கே கைப்பேசித் தொழிற்சாலையில் இருந்து வந்தான். படுக்கையில் தன் பாதியில் ஆள் இருப்பதைப் பார்த்து, பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, நடுவில் ஒண்டிக்கொண்டான். குறட்டையைத் தவிர அவனுக்குப் பீட்டரிடம் குறை எதுவும் இல்லை. அவன் கவலை தங்கையைப் பற்றியது. நூற்றைம்பதுக்கு ஐம்பதைத் தாண்டாத ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி சேர்க்கும்? கிளம்புகிற அன்று வாசலில் பையை மாட்டிக்கொண்டே சொன்னான்.

“ஜூன் வரைக்கும் பாரு. மார்க் வரலைன்னா அழுதுட்டு உக்காராதே, என்கூட வந்துடு. எங்க லைன்ல உனக்கு ஒரு இடம் சொல்லி வச்சிருக்கேன்.”

யாச்சின் சரி என்றாள். அவன் போன பிறகு தாய், ஒருத்தன் போன இடத்துக்கு இன்னொருத்தியும் போனால் இந்த வீட்டில் யாருக்குச் சமைப்பது என்று வெங்காயத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மார்ச் மாதத் தேர்வில் பீட்டருக்கு ஆரோக்கியம் பற்றி அறிவுரை எழுத வேண்டியிருந்தது. மற்றவர்கள் உடற்பயிற்சி செய்யுங்கள், பெருஞ்சுவருக்கு நடந்து போங்கள் என்று எழுதினார்கள், பீட்டர் அசையவில்லை. யாச்சின் பாடம் செய்ததைத்தான் எழுதிக்கொண்டு போனாள், நடுவில் கை நழுவி, மிளகாய் எண்ணெய் குறை, இரவு உன் வயிறு சத்தம் போடுகிறாள் என்று ஒரு வரி வந்துவிட்டது. அதே காலையில் வண்டியருகே பீட்டர் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மாலையில் தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசி, நேரத்தைக் கணக்குப் பார்த்து, இரண்டும் ஒரே நேரம் என்று கண்டார்கள். சேதி கேட்டு ஷாங் டீச்சர் வீட்டுக்கே வந்தார்.

“அக்கா, இவ மனசுல இருந்து எழுதுறதை முதல்ல நிறுத்தணும். மனசுல இருந்து எழுதினா ஒன்பதைத் தாண்ட மாட்டா. ஆளும் பாவம், இழுத்த இழுப்புக்கு ஆடுறார்.”

அன்று முதல் ஒவ்வொரு மாலையும் டீச்சர் வந்து ஆங்கிலம் முழுவதையும் அவளுக்குள் இறக்கினார். வருத்தம் தெரிவிக்க ஏழு வரி, நன்றி சொல்ல ஏழு வரி, எதையும் விரும்பாமல், எதையும் நினைக்காமல், வாயும் கையும் மட்டும் ஓடும்படி. பீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தார்.

கல்லூரியில் இடம் தீர்மானிக்கும் ஜூன் மாதப் பெருந்தேர்வில் ஆங்கிலம் இரண்டாம் நாள் பிற்பகல் வந்தது. தெருவில் வண்டி ஹாரன் கூடாது, கட்டட வேலை கூடாது என்று உத்தரவு. பள்ளி வாசலில் தாய்மார்கள் அதிர்ஷ்டத்துக்காகச் சிவப்புப் பட்டு உடுத்தி நின்றார்கள். குய்லியான் இரவல் வாங்கி உடுத்தியிருந்தாள். அது இடுப்பில் பிடித்தது. பீட்டர் அவளுக்குக் குடை பிடித்திருந்தார். உள்ளே யாச்சின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். உன் நண்பர் பீட்டர் சீனாவில் தங்கியிருந்து விட்டுத் தாய்நாடு திரும்புகிறார், அவருக்கு விடைகொடுத்துக் கடிதம் எழுதுக என்று இருந்தது.

அவள் முதலில் எதையும் யோசிக்கவில்லை. மாதக்கணக்கில் ஒரே படுக்கையில் படுத்து, ஒரே வாணலியில் இருந்து சாப்பிட்ட மனிதர் போகிறார் என்று படித்ததும் டீச்சரின் ஏழு வரிகளும் மறந்துபோயின. ‘பீட்டர், நீ போனால் அம்மா யாருக்கு நூடுல்ஸ் வைப்பான். வழியில் பசி இருந்தால் ரொட்டி எடுத்துப் போ. பஸ் ஜன்னல் மூடு’ என்று எழுதிவிட்டாள்.

வாசலில் பீட்டர் குடையை மடக்கிக் குய்லியான் கையில் கொடுத்தார். வண்டியில் இருந்த ரொட்டி இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிலையம் நோக்கி நடந்தார். குய்லியான் பின்னாலேயே போனாள். பட்டு உடையில் ஓட முடியவில்லை. உத்தரவு இருந்ததால் சத்தம் போட்டுக் கூப்பிடவும் முடியவில்லை. மற்றத் தாய்மார்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பீட்டர் மாகாணத் தலைநகர் லான்ச்சோ போகும் பேருந்தில் ஏறி, உட்கார்ந்து, ஜன்னலை மூடினார். ஓட்டுநர் சிகரெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஏறினார்.

யாச்சின் தான் எழுதியதைத் திரும்பப் படித்தாள். படித்ததும் மார்ச் மாத மிளகாய் எண்ணெய் நினைவுக்கு வந்தது. மூன்று வரிகளையும் பேனாவால் ஒரு எழுத்தும் தெரியாதபடி அடித்தாள். கண்ணை மூடி, ஷாங் டீச்சரின் குரலை வரவழைத்து, கீழே எழுதத் தொடங்கினாள். தங்கள் பயணச் செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறேன். நாம் பகிர்ந்துகொண்ட இனிய நாட்கள் என்றும் நினைவில் நிற்கும். நமது நட்பு என்றென்றும் நிலைக்கட்டும். ஒன்றிலும் ஒரு பிழை இல்லை. அவள் ஒன்றையும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் மாகாணம் முழுவதும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதே வரிகளால் பீட்டரை வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து நகர்ந்து வளைவு வரை போயிருந்தது. பீட்டர் எழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். எதற்கு ஏறினோம் என்று தெரியாதவர் போல ரோட்டோரம் நின்றார். குய்லியான் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, அவர் பையில் இருந்த ரொட்டிகளை எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தான் தின்றாள். இரண்டு பேரும் பள்ளி வாசலுக்குத் திரும்பி நடந்தார்கள்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். யாச்சின் கூட்டத்தில் தலைகளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் குடை தெரிந்தது, அதன் கீழே பீட்டர். தாயின் உடை பக்கவாட்டில் தொடை வரை கிழிந்திருந்தது. மகள் அருகில் வந்ததும் குய்லியான் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“என்னடி எழுதித் தொலைச்சே?”

“முதல்ல தப்பா எழுதிட்டேன்மா. அடிச்சிட்டு டீச்சர் சொல்லிக் குடுத்ததை எழுதினேன். ஒரு வார்த்தைகூட மனசுல இருந்து எழுதலை.”

“நல்ல காரியம் பண்ணினே” என்றாள் தாய்.

அடித்தல் திருத்தலுக்காக ஒன்று குறைத்து, கடிதத்துக்கு இருபத்திரண்டு கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் மொத்தம் நூற்றுப்பத்து வந்தது. தொழிற்சாலையில் அண்ணன் சொல்லி வைத்த இடத்துக்கு வேறொருத்தி போனாள். யாச்சின் தியான்ஷுயில் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது பக்கத்து வட்டத்தில் ஆங்கிலம் நடத்துகிறாள், கண்டிப்பானவள் என்று பெயர். வருத்தம் தெரிவிக்க ஏழு வரி அவளும் சொல்லித்தருகிறாள். யாதோங் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். வசந்த விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறான். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஷாகோவில் வெளிநாட்டவர் ஒருவர் என்று எழுதிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மிளகாய் எண்ணெயைப் பீட்டர் இன்றும் தொடுவதில்லை. உருளைக்கிழங்கு விலை ஏறியபோது நூடுல்ஸ் விலையையும் ஏற்றலாம் என்று சொன்னவர் அவர்தான்.

சென்ற ஆண்டு வினாத்தாள் தயாரிப்பவர்கள் மாறினார்கள். ஏப்ரல் மாதிரித் தேர்வில் பீட்டருக்குப் பதிலாக சூசன் என்று ஒருத்தியை ஊருக்கு அழைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பள்ளியில் எந்தப் பிள்ளை என்ன எழுதியது என்று யாருக்கும் தெரியாது, ஷாங் டீச்சரும் ஓய்வுபெற்றுவிட்டார். அந்த வாரம் குய்லியான் ஒரு போர்வையைத் துவைத்துக் காயப்போட்டாள். பிறகு மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பெண் காரம் சாப்பிடுவாளா, எதற்கும் உனக்குத் தெரியுமா என்று விசாரித்தாள். யாச்சினுக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் பேருந்து வரும் நேரத்துக்கு, பீட்டரே வண்டியை நிலையத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.