வெள்ளை வேன்

மெய்ரிக் மிதித்துக்கொண்டே ஒரு நாசியைக் கட்டைவிரலால் அடைத்து மறு நாசியால் சீறினான். ஒட்டிப் பின்னால் வந்துகொண்டிருந்த என் கண்ணாடியில் அது வந்து விழுந்தது. சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் பின்னால் ஆள் இருந்தால் கையைக் காட்டிவிட்டுச் செய்வது என்று ஒரு மரியாதை உண்டு. கையுறையின் பின்புறத்தால் துடைத்தேன், பரவத்தான் செய்தது. அடுத்த ஏற்றம் முழுவதும் அந்தக் கறை வழியாகத்தான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று. இந்த வயதில் ஒரு ஆணின் சளியைப் பார்த்து முகம் சுளிப்பது சின்னப்பிள்ளைத்தனம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சுற்றை மெய்ரிக்தான் எங்கள் சைக்கிள் மன்றத்துக்கு வகுத்துக் கொடுத்தான். 'மிதமானது' என்று போட்டிருப்பான். எங்கள் ஊர் ரையடரில் கிளம்பி, ஏரிக்கரையோடு ஏறி, மொட்டை மலையைத் தாண்டி, பண்ணைகள் வழியாக இறங்கி, மறுபடி ஊர். மூன்று பெரிய ஏற்றம். மிதமானது என்று எழுதுகிறவன் முன்னால் போகிறவன். பின்னால் வருகிறவளைக் கேட்டிருந்தால் வேறு வார்த்தை கிடைத்திருக்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் அவன் திரும்பிப் பார்ப்பான், நான் "நீ முன்னாடி போ, நான் வரேன்" என்பேன். இரண்டு வருடமாக எங்களுக்குள் அதிகம் பேசப்பட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

ஊருக்குள் வந்ததும் ஒரு காபிக் கடை. அங்கே வைத்து நான் அன்று பதில் சொல்வதாகப் பேச்சு. செப்டம்பரில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமா, உன் வீட்டை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறாயா என்று ஈஸ்டர் அன்றே கேட்டுவிட்டான். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். என் தங்கை மெரெரிடுக்குப் பொறுக்கவில்லை. என் முதல் புருஷன் ஆலன் குடித்துவிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான், குடித்தே என்னை அழவும் வைத்தான். மெய்ரிக் குடிப்பதில்லை, பாத்திரம் கழுவுகிறான், என் பிறந்தநாள் ஞாபகம் வைத்திருக்கிறான். "பத்தரை மாத்துத் தங்கம்க்கா. இதையும் உரசிப் பாத்துக்கிட்டே இருக்காத" என்றாள். சூடு கண்ட பூனை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அன்று சரி என்று சொல்லிவிடுவதாகத்தான் கிளம்பியிருந்தேன்.

மலை உச்சியில் ஆடுமாடு தாண்டாமலிருக்கப் பாதைக்குக் குறுக்கே பதித்த கம்பிகளைத் தடதடவென்று தாண்டினால் வேலி முடிந்துவிடும். அதற்கப்புறம் பாதை ஆடுகளுக்குச் சொந்தம். மெய்ரிக் தெம்புக்கு வைத்திருந்த இனிப்புப் பசைப் பொட்டலம் ஒன்றைப் பல்லால் கிழித்து உறிஞ்சி, வெறும் பொட்டலத்தைத் தொடைப்பக்கம் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டான். மீசையில் ஒட்டியதை நாக்கால் துழாவி எடுத்தான். கைப்பிடியில் இருந்த மீட்டரைப் பார்த்தான். ஏற்றத்தில் எனக்காக நின்று நின்று அவனுடைய சராசரி வேகம் விழுந்திருந்தது. இறக்கத்தில் அதை எடுத்துவிடலாம்.

இடப்பக்கம் புல்லில் ஒரு குட்டி தனியாக நின்றது. வலப்பக்க மேட்டில் தாய். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால், வண்டியைக் கண்டதும் தாய் குறுக்கே ஓடும். இது இந்தப் பக்கம் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"மெதுவாப் போ, குட்டி இந்தப் பக்கம் நிக்குது" என்று கத்தினேன்.

கேட்டது. தலையைக்கூட ஆட்டினான். பிரேக்கைத் தொடவில்லை.

ஆட்டின் இடுப்பில் முன்சக்கரம் ஏறியது. அவன் புல்லில் உருண்டான். நான் நிறுத்தி ஓடுவதற்குள் எழுந்துவிட்டான், முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆடு முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்பாதி வரவில்லை. ஊன்றுவதும் விழுவதுமாக இருந்தது. சத்தம் போடவில்லை. குட்டி பக்கத்தில் வந்து நின்று மடியை முட்டியது.

மெய்ரிக் குனிந்தான். ஆட்டின் பக்கம் என்று நினைத்தேன். சைக்கிளைத் தூக்கி முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கோட்டம் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு மீட்டரை அழுத்தி நிறுத்தினான். இந்த நேரம் கணக்கில் வரக்கூடாது இல்லையா. ஆட்டின் முகத்தை அவன் பார்த்தது அதற்கப்புறம்தான்.

போய்விடலாம் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்றான். ஆட்டின் தோளில் பச்சை வண்ணம் அடித்திருந்தது. பச்சைத் தோள் என்றால் கீழே முதல் பண்ணை, எம்லினுடையது. நான் பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். இந்த மலையில் யார் வாயில் எத்தனை பல் என்பதுவரை எனக்குத் தெரியும். எம்லினிடம் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட மாட்டேன் என்றேன். பெருமூச்சு விட்டுச் சரி என்றான்.

எம்லின் முற்றத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய தனிக்கட்டை. என்னைப் பார்த்ததும் புதுப் பற்கள் தெரியச் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மெய்ரிக் முந்திக்கொண்டான். தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவன் குரலில் சொன்னான்: மேலே உங்கள் ஆடு ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது, ஒரு வெள்ளை வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது, அதற்கு ஒதுங்கப் போய்த்தான் நானும் விழுந்தேன். முழங்கையைக்கூடக் காட்டினான்.

அவன் வேலையே காப்பீட்டுக்காரர்களுக்குச் சேதம் மதிப்பிடுவது. எத்தனையோ பேரின் புளுகைப் பிடித்த கதைகளைச் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொல்லியிருக்கிறான். எந்தப் புளுகு நிற்கும் என்று அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

எம்லின் துப்பாக்கியை எடுத்து நாலுசக்கர மோட்டார் சைக்கிளில் வைத்தார். போவதற்கு முன் எங்களை அடுப்படிக்குள் உட்காரவைத்து, கெட்டிலைப் போட்டு, உலர்பழ ரொட்டியை வெட்டி, வெண்ணெயை நகர்த்தி வைத்தார். "ஒதுங்கிப் போகாம, வந்து சொன்னீங்களே, அதுவே பெருசு. சாப்பிடுங்க, வந்துடறேன்."

வண்டிச் சத்தம் தேய்ந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நெஸ்டா, இல்லாத வேன். யாருக்கு என்ன நஷ்டம்? அவருக்கும் என்மேல வருத்தம் இல்ல, நமக்கும் இந்த நாள் கெடல." ரொட்டியில் வெண்ணெயைத் தடவ ஆரம்பித்தான். ஓரம்வரை, மூலை விடாமல். மலையில் வெடிச் சத்தம் கேட்டது. அவன் கத்தி நிற்கவில்லை. அந்த மூலையையும் தடவி முடித்துக் கடித்தான், நன்றாக இருக்கிறது என்றான், என் தட்டைப் பார்த்து நீ சாப்பிடவில்லையா என்றான். ரொட்டி மெல்லும் அந்தத் தாடையைப் பார்த்தேன். எனக்குக் குமட்டியது. கோபமாக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன், கோபம் ஆறும். இது வேறு. இந்த வாய் இன்னும் முப்பது வருடம் காலையில் என் எதிரே உட்கார்ந்து மெல்லும் என்பதை என் வயிறுதான் முதலில் புரிந்துகொண்டது. நானும் ஒரு வாய் கடித்து வைத்திருந்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள்; நாங்கள் உண்டுகொண்டே செய்தோம். தட்டைத் தள்ளி வைத்தேன்.

எம்லின் குட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கேட்காமலே என் மடியில் விட்டார். அது நனைந்து நடுங்கியது. அவர் தேநீரை ஊற்றிக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் பேசினார். காலையில் மேலே போய்வந்த வெள்ளை வேன் ஒன்றே ஒன்றுதான், பக்கத்துப் பண்ணை கரடாக்குடையது. சுவர்த் தகராறில் பத்து வருடத்துக்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. இந்த ஈஸ்டருக்குத்தான் கோயில் வாசலில் கரடாக் வந்து கையைப் பிடித்தான், அடுத்த மாதம் ஆட்டு மயிர் கத்தரிக்க ஆளாக வருகிறேன் என்றான்.

"இடிக்கிறது யாருக்கும் நடக்கும்மா. நான் இடிச்சதில்லையா? நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்." சுவரிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். "வர வேணாம்னு சொல்லிடறேன்."

நான் மெய்ரிக்கைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவான் என்று உண்மையிலேயே நம்பினேன். தங்கை சொன்ன அத்தனையையும் அந்தக் கணத்தில் தராசில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் மீசையிலிருந்த வெண்ணெயைத் துடைத்தான்.

"ஓட்டினது யாருன்னு நான் சரியாப் பாக்கல, எம்லின். யார்மேலயும் தப்பாச் சொல்லிடக் கூடாது." சொல்லிவிட்டு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான்.

"வேன் எதுவும் வரல" என்றேன். என் குரல் எனக்கே தட்டையாகக் கேட்டது. "மெய்ரிக்தான் இடிச்சது. குட்டி நிக்குதுன்னு நான் கத்தினேன். கேட்டுச்சு அவனுக்கு."

எம்லின் வெண்ணெய்க் கிண்ணத்தின் மூடியை எடுத்து மெதுவாக மூடினார். பிறகு மெய்ரிக்கைப் பார்த்து விசாரித்தார்.

"சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல... சக்கரம் லேசா..."

"அப்ப சரி."

மெய்ரிக்கின் முகம் கழுத்து வரை சிவந்தது. எழுந்து தலைக்கவசத்தை மாட்டினான். வார் இரண்டு தடவை கை நழுவியது. வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், கடைக்கு வருகிறாயா இல்லையா என்று கேட்டான்.

"நீ முன்னாடி போ" என்றேன்.

வாக்கியத்தின் மிச்சத்துக்காகக் கொஞ்ச நேரம் நின்றான். முற்றத்தில் நாய் அவன் முன்சக்கரத்தை மோந்து நக்கிக்கொண்டிருந்தது, காலால் விரட்டினான். காலணியின் பூட்டு மிதிக்கட்டையில் மாட்டும் சத்தம் கேட்டது. கூடவே மீட்டர் மறுபடி ஓடத் தொடங்கும் சின்ன ஒலியும்.

எம்லின் எண்ணைச் சுழற்றினார். "கரடாக்? நான்தான். வேனை எடுத்துட்டு வாயேன். ஆடு ஒண்ணு போச்சு, தூக்கணும். ... ஆமா, வா, டீ இருக்கு."

குட்டி என் கையுறையைக் கண்டுபிடித்திருந்தது. கண்ணாடியைத் துடைத்த கறை ஒட்டியிருந்த அதன் பின்புறத்தைச் சப்பப் பார்த்தது. கையுறையைக் கழற்றி அடுப்புக்குள் போட்டுவிட்டு, குழாயில் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வெறும் விரலைக் கொடுத்தேன். குழாய்க்கு மேலே சன்னல். பள்ளத்தாக்கின் ஒற்றைப் பாதை முழுவதும் அதிலிருந்து தெரியும். இரண்டு பக்கமும் உயர்ந்த புதர்வேலி, எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் போயாக வேண்டிய பாதை. பட்டப்பகலில் சிவப்பு விளக்கு சிமிட்டச் சிமிட்ட மெய்ரிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். கீழ்வளைவில் ஒரு வெள்ளை வேன் திரும்பி, நிதானமாக மேலே ஏறத் தொடங்கியது.