பதினோரு நிமிடம்

கஸ்தூரிரங்கன் பொய் சொல்லும் ஆளே இல்லை. நேரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் வீடு. கையெழுத்துக்காகக் காத்து நிற்க ஆளில்லாமல் போன பிறகு, மனிதருக்கு வாழ்க்கையில் மிஞ்சியது ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்துதான். சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. குறிப்பு எதைச் சொல்கிறதோ அது விடை அல்ல. ஒரு சொல்லுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும், எழுத்துகள் கலைந்து கிடக்கும். இதைப் போடுகிறவர்கள் முப்பத்தொரு பேர் சேர்ந்து 'கட்டம்' என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். தி. நகர் மாளவிகா அதன் நிர்வாகி. தரமணிக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முப்பது பேரையும் மேய்த்துவிடுவாள்.

குழுவுக்கு ஒரே சட்டம். காலை ஏழரை வரை யாரும் விடை போடக் கூடாது. முடித்தவர்கள், எத்தனை நிமிடத்தில் முடித்தோம் என்று மட்டும் போடலாம். ஏழரைக்கு மேல் அலசல். மாதம் பிறந்தால் மாளவிகா சராசரி எடுத்துப் பட்டியல் போடுவாள். இரண்டு வருடமாக முதல் பெயர் கஸ்தூரிரங்கன். தினமும் பதினோரு நிமிடம். பண்டிகை நாளில் அடக்கத்துக்காகப் பன்னிரண்டு.

பத்திரிகை வீட்டு வாசலில் விழுவது ஆறு மணிக்கு. ஆனால் அதே பக்கம் டேப்லெட்டில் நாலேகாலுக்கே வந்துவிடும். நாலேகாலுக்கு எழுந்து, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே டேப்லெட், இரண்டு அகராதி, விடை தேடித் தரும் இணையதளம் ஒன்று. ஏழேகாலுக்குள் பெரும்பாலும் முடித்துவிடுவார். பிறகு ஹாலுக்கு வந்து, வாசலில் கிடந்த பத்திரிகையைப் பிரித்து, பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புவார். பார்த்து எழுதவே பதினோரு நிமிடம் ஆகும். அந்த வகையில் அது பொய்யும் இல்லை.

ஊருக்கும் உறவுக்கும் அவர் சொல்லியிருந்தது பிராணாயாமம்.

"பிராணாயாமத்துக்கு டிக்‌ஷனரி எதுக்குன்னா?" என்று ஒரு நாள் கேட்டாள் மனைவி சுப்புலக்ஷ்மி. அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை குழு நேரில் கூடும். தெற்கு மாட வீதி ஓட்டல் மாடியில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, ஆளுக்கு ஒரு காபியை இரண்டு மணி நேரம் குடிப்பார்கள். போன கூட்டம் முடிந்து இறங்கும்போது, அப்துல் வஹீத் படிக்கட்டிலேயே அவரை நிறுத்தினார்.

வஹீத் சாந்தோமில் தனியாக இருப்பவர். மனைவி இறந்து ஆறு வருடம். துறைமுகத்தில் பைலட்டாக இருந்தார். வெளியே நிற்கும் கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாக உள்ளே ஓட்டி வந்து கட்டுகிற வேலை. ஐம்பத்தைந்து நிமிடம் ஆனால் ஐம்பத்தைந்து என்றுதான் போடுவார். ஐம்பத்தாறு ஆனால் ஐம்பத்தாறு.

"கஸ்தூரி சார், உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். மாசக் கடைசில வீட்டைக் காலி பண்றேன். பெங்களூர்ல பையன் வலியுல்லாகிட்ட போயிடறேன்."

"என்ன பாய் திடீர்னு?"

வஹீத் நெற்றிப் பொட்டில் விரலால் தட்டினார். "இங்க தண்ணி உள்ள வர ஆரம்பிச்சுடுச்சு. நாலு மாசமா கவனிக்கறேன். அதே கட்டம், அதே குறிப்பு. எனக்கு ஒரு மணி நேரம், உங்களுக்குப் பதினோரு நிமிஷம். ரெண்டு பேருக்கும் அறுபத்தெட்டு வயசு. மூளை நல்லா இருந்தா இவ்ளோ வித்தியாசம் எப்படி சார் வரும்?"

"டாக்டரைப் பார்த்தேளா?"

"பார்த்தேன். யானை, ஒட்டகம்னு படம் காட்டி இது என்னன்னு கேட்டார். முப்பதுக்கு முப்பது. ஒண்ணுமில்லை, போங்கன்னுட்டார். அவருக்குக் கட்டம் போடத் தெரியாது. அவருக்கு என்ன தெரியும்?" சிரிக்கப் பார்த்து, முடியாமல் விட்டார். "கார் சாவியைக் கூட வலியுல்லா வாங்கிட்டுப் போயிட்டான். நான்தான் கொடுத்தேன்."

கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார். சொல்லித் தொலைத்திருப்பார். அதற்குள் மாளவிகா மேலிருந்து ஓடி வந்தாள். "சார், இந்த மாசமும் நீங்கதான் டாப்!" திறந்த வாய் புன்னகையாக மாறி மூடிக்கொண்டது. முப்பது வருடம் மேனேஜராக இருந்த வாய்.

அன்று மத்தியானம் தயிர் சாதம் இறங்கவில்லை. ஊறுகாய் சரியில்லை என்றார். சுப்புலக்ஷ்மி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது.

"ஒரு மனுஷர் உங்க பேச்சை நம்பி ஆத்தைக் காலி பண்ணிண்டு போறார். நீங்க இங்க உக்காந்துண்டு ஊறுகாயைக் குத்தம் சொல்றேள்."

"நான் வேணும்னா செஞ்சேன்? யாரோ ஒருத்தர் அதை வெச்சு தன் மூளையை அளப்பார்னு கண்டேனா?"

"வேற எதுக்குப் போட்டேள்? அளக்கத்தானே?"

ஞாயிற்றுக்கிழமை வஹீத் தான் போவதையும் அதன் காரணத்தையும் குழுவில் போட்டார். திங்கள் காலை கஸ்தூரிரங்கன் அதே குழுவில் எழுதினார்: "இன்று 2 மணி 35 நிமிடம். தினமும் அவ்வளவுதான் ஆகிறது. இதுவரை போட்டதெல்லாம் தவறு." அனுப்பிவிட்டு, இடி விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

விழுந்தது பூ. வரிசையாகக் கைகூப்பிய படங்கள், சிவப்பு இதயங்கள். "என்னே பெருந்தன்மை!" என்றான் அடையாறு நிரஞ்சன். மாளவிகா தனியாக அனுப்பினாள்: "வஹீத் அங்கிளுக்காகத்தானே சார்? பஸ்ல அழுதுட்டேன்." அந்தத் தியாகத்தில் பங்கு கேட்டு ஆளாளுக்கு மூன்று மணி, நாலு மணி என்று போட ஆரம்பித்தார்கள். எட்டு மணிக்கு, சென்னையின் சிறந்த மூளைகள் எல்லாம் மந்தமாகிவிட்டிருந்தன. கடைசியாக வஹீத் எழுதினார்: "54 நிமிடம். நண்பர்களுக்கு நன்றி. எனக்காக யாரும் பொய் சொல்ல வேண்டாம்."

இரண்டு வருடம் சொன்ன பொய்யை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. முதல்முறையாகச் சொன்ன உண்மையை ஒருவர்கூட நம்பவில்லை. இது போதாதென்று, 'பெருந்தன்மை' என்ற சொல்லைப் படித்தபோது உள்ளுக்குள் லேசாக இனித்ததே, அதுதான் கஸ்தூரிரங்கனை அன்று முழுக்கக் குடைந்தது.

அடுத்த நாள் நாலேகாலுக்கு அவர் எழுந்திருக்கவில்லை. விழித்தபடி படுத்திருந்தார். ஆறு மணிக்கு வாசலில் விழுந்த பத்திரிகையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

வஹீத்தின் வீட்டுக் கூடத்தில் பாதி சாமான் அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல். கஸ்தூரிரங்கன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"பாய், உங்க பேப்பரையும் எடுங்கோ. ரெண்டு பேரும் இப்ப சேர்ந்து போடறோம். கடிகாரத்தை வைங்கோ."

வஹீத் பேப்பரை எடுத்து வந்தார். கடிகாரத்தை மேசை நடுவில் வைத்தார்.

கால் மணியில் கஸ்தூரிரங்கனின் ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது. அகராதி இல்லை. இணையதளம் இல்லை. எழுத்துகளை ஓரத்தில் வட்டம் வட்டமாக எழுதிக் கலைத்துப் பார்த்தார். ஒன்றும் கூடி வரவில்லை. ஐம்பத்திரண்டாவது நிமிடம் வஹீத் பேனாவை மூடினார். கஸ்தூரிரங்கன் போட்டிருந்தது ஆறு. அதில் ஒன்று தப்பு.

"நடிக்காதீங்க சார்."

"நடிக்கத் தெரிஞ்சா இப்படி வேர்க்குமா பாய்?"

வஹீத் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஓரத்து வட்டங்களை, அடித்தல்களை, அடித்ததன் மேல் அடித்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழி தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் கோபமே முதலில் தெரிந்தது.

"நாலேகால்," என்றார் கஸ்தூரிரங்கன். "டேப்லெட்ல வந்துடும். ரெண்டரை மணி நேரம். அப்பவும் சில நாள் முடியாது. ஏழு மணிக்கு மேல பேப்பர்ல பார்த்து எழுதுவேன். அதுக்குத்தான் பதினோரு நிமிஷம்."

"நாலு மாசம்," என்றார் வஹீத். "மூக்குக் கண்ணாடியை எங்க வெச்சேன்னு தேடினா பயம். பேரனோட பேர் ஒரு நொடி வரலைன்னா பயம். ராத்திரி அடுப்பை அணைச்சோமான்னு மூணு வாட்டி எழுந்து பார்ப்பேன். நாலு மாசம்."

கஸ்தூரிரங்கன் மன்னிப்புக் கேட்டார். முறையாக, முழு வாக்கியத்தில், கேட்டார். ஆபீஸ் கடிதம்போல் வந்தது. வஹீத் அதைக் காதில் வாங்காமல் எழுந்து போய், ஒரு பெட்டியைப் பிரித்து நீல அட்டை டைரி ஒன்றைக் கொண்டு வந்தார். தேதிவாரியாக இரண்டு எண்கள், பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு. 'நான்' என்பதன் கீழ் 55, 58, 61. 'க.ர.' என்பதன் கீழ் 11, 11, 12.

"கப்பல் லாக் புக்ல தப்பு எழுதிட்டா அழிக்கக் கூடாது. கிழிக்கவும் கூடாது. ஒரே கோடு போடணும், அடியில இருக்கறது தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, எழுதினவன் கையெழுத்துப் போடணும். உக்காருங்க."

"எல்லாத்துக்குமா பாய்? நூத்தி இருபது நாள் இருக்கே. அன்னன்னிக்கு எவ்ளோ ஆச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்குமா?"

"ஞாபகம் இல்லையா? அப்ப டாக்டர் விலாசத்தைத் தரேன். யானைப் படம் காட்டுவார்."

கஸ்தூரிரங்கன் உட்கார்ந்தார். கோடு. இரண்டரை மணி. கையெழுத்து. கோடு. இரண்டே முக்கால். கையெழுத்து. ஒரு காலத்தில் நாளைக்கு முந்நூறு கையெழுத்துப் போட்ட கை. இப்போது ஒவ்வொன்றும் கனத்தது. ஜன்னல் பக்கம் நின்று வஹீத் போனில் பேசுவது கேட்டது.

"வலியுல்லா, சாமான் கட்ட வர்றவங்களை வேணாம்னு சொல்லிடு… இல்லப்பா, ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கேன்… அதான் சொல்றேன்ல. ஞாயித்துக்கிழமை வரும்போது கார் சாவியை எடுத்துக்கிட்டு வா."

கஸ்தூரிரங்கனின் போன் மேசையில் முனகியது. நேற்றைய பெருந்தன்மைக்கு இன்னும் கைகள் கூப்பிக்கொண்டிருந்தன. கவிழ்த்து வைத்தார்.

மூன்றாவது பக்கத்தில் பேனா நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை. நான்: 64. க.ர.: 9. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'இன்று சாவியைக் கொடுத்துவிட்டேன்.'

அந்த ஒன்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று கட்டம் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. நாலு விடை வரவே இல்லை, இணையதளமும் கைவிட்டது. கடுப்பில், யாரும் கேள்வி கேட்காமல் இருக்கட்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் குறைத்துப் போட்டார். "தலைவா!" என்று நிரஞ்சன் எழுதியது கூட நினைவிருந்தது.

ஒன்பதின் மேல் ஒரு கோடு இழுத்தார். அடியில் இருப்பது தெரிந்தது. பக்கத்தில் 'முடிக்கவில்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். அதற்குமேல் பேனா நகரவில்லை.

தோளுக்குப் பின்னால் வந்து நின்ற வஹீத் அந்த வரியைப் படித்தார். பிறகு கையை நீட்டித் தாளைத் திருப்பினார்.

"அடுத்த பக்கம்," என்றார்.