ஒண்ணு, ரெண்டு, நாலு

2005ஆம் வருஷம். பதுளையில் எங்கள் கம்பெனி, தேயிலைத் தோட்டங்களின் பழைய செக்ரோல்களை, தொழிலாளர் அன்றாடம் வேலைக்கு வந்த பதிவேடுகளை, எல்லாம் கணினியில் ஏற்றியிருந்தது. பேரைத் தட்டினால் தேடும் இயந்திரம் பதிவுகளை அள்ளிக்கொண்டு வரும். அவற்றை மனுஷர் படிக்கிற மாதிரி வலைப்பக்கமாக்குவது நான் எழுதிய ஸ்டைல்ஷீட். எந்த வகைப் பதிவை எப்படிக் காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட்.

"செக்ரோலில இருந்து பேர் வெட்டி நீக்கின ஆக்களைக் காட்ட வேண்டாம் தயானி. வீண் கரைச்சல்," என்றார் மேலதிகாரி சிவஞானம். யாழ்ப்பாணத்து மனுஷர், சொன்னால் சொன்னதுதான். அந்த வகைக்கு மட்டும் உள்ளே ஒன்றுமே இல்லாத டெம்ப்ளேட் ஒன்று எழுதினேன். இயந்திரம் ஆளைக் கண்டுபிடித்தாலும் பக்கத்தில் வராது. ஒரே வரியில் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு, புத்தி கெட்டவள்.

பிறகு அந்தப் பக்கங்களைப் பார்க்கவே பயமாகிவிட்டது. இயந்திரம் போட்ட வரிசை எண்கள் அப்படியே நின்றன. ஐந்து, ஆறு, ஒன்பது. நடுவில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும்.

ஒரு நாள் நமுனுகுலப் பக்கமிருந்து இராக்கம்மா வந்தார். கொழுந்து பறிக்கிறவர். மகன் பொன்னையா பதினேழு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனவன். ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டான், மறுநாள் காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வரவில்லை என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள்.

"நெசமாவே ஓடுனானான்னு பாத்துச் சொல்லு தாயி. அது தெரிஞ்சா போதும்."

பேரைத் தட்டினேன். குடும்பத்தில் மற்றவர்கள் வந்தார்கள், ஒவ்வொரு பேராக வாசித்தேன். "அவரு பதிவு இல்லீங்கம்மா," என்றேன். பொய் என்ன சுலபமாக வருகிறது!

அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் தினமும் தராசு பார்க்கிற கண், எண் தெரியும். திரையில் விரலை வைத்தார்.

"ஒண்ணு நானு. ரெண்டு மூத்தவ. நாலு சின்னவ. மூணு எங்க?"

சிவஞானம் பக்கத்து அறையில்தான் இருந்தார். இருக்கட்டும் என்று அந்த வெறும் டெம்ப்ளேட்டை அழித்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தேன். மற்றவர்களைப் போலவே அவனும் வந்து நின்றான்.

மூன்று. பொன்னையா. 14.6.1988. காலைப் பெரட்டு: வந்தார். வேலை: கல்லுக்கு வெடி வைத்தல். மாலை: பேர் வெட்டப்பட்டது.

வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப வேலைக்குத்தான் போயிருக்கான்," என்றார். அழவில்லை. "பெத்தவள விட்டுட்டு ஓடுன பாவின்னு தெனமும் திட்டுனேனே தாயி. சோறு திங்கிறப்பகூட."

எழுந்தவர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே அவன எடுத்துராத," என்றார் என்னிடம்.

நான்தான் எடுத்தேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.