கோட்டுகால் கடலுக்குள் இறங்கிய வாளி

முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறி, மூக்கெல்லாம் எரிய, ஜீனா கைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தபோது, கோட்டுகால் கடலின் முப்பதடி ஆழத்தில் ஒரு வாளி இறங்கி வந்து அவளருகே நின்றது. கை பட்டதுமே தெரிந்துவிட்டது. உடைந்த கைப்பிடியில் பழைய நைட்டித் துணி சுற்றியிருந்தது. பாறசாலையில் அவள் வீட்டுக் கிணற்று வாளிதான்.

கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டுவது அன்றைய பாடம். கழற்றினாள், மாட்ட வரவில்லை. காற்றுக்குழாயைக் கடித்தபடியே "அம்மா" என்று கத்தினாள். அந்தக் குமிழிகள் மேலே போகாமல் பாறசாலைக்குப் போய், கிணற்றுத் தண்ணீரில் ஒவ்வொன்றாக உடைந்தன. சனிக்கிழமைத் துணிக்குத் தண்ணீர் கோர வந்த சுகிர்தபாய், நெய்யாற்றின்கரையில் ஜெர்மன் கிளாஸில் இருக்கவேண்டிய மகளின் குரல் கிணற்றுக்குள் கேட்டதும், ஏன் எதற்கு என்று நிற்காமல் வாளியை இறக்கினாள். மறுமுனையில் பிடி விழுந்ததும் இழுத்தாள். அவளுடைய இழுப்பு ஊரறிந்தது. கிணற்றில் விழுந்த ஆட்டையே ஒற்றைக்குத் தூக்கியவள்.

ஜீனா விர்ரென்று ஏறினாள். முக்குளிக்கச் சொல்லித்தரும் நிஜின் அவள் காலைப் பிடித்துத் தொங்கினான். மேலே அம்மா, கீழே அவன். நெஞ்சுக்குள் காற்று வீங்கியபோது அவள் கையை விட்டாள்.

படகில் ஏறியதும் நிஜின் கேட்டான். "யாருக்க கயிறு பிள்ளே அது?"

"அம்மைக்க."

"சடார்னு ஏறினா நுரையீரல் கிழிஞ்சு போவும், கேட்டியா. அடுத்த வாட்டி மெதுவா இழுக்கச் சொல்லு. இல்லேன்னா நான் உன்ன பாஸாக்க மாட்டேன்."

பாறசாலைக்கு ஏறிய வாளியில் உப்புத் தண்ணீரும் நாலைந்து சாளை மீனும் இருந்தன. சாயங்காலம் குழம்பு மணத்தது. சுகிர்தபாய் மகளின் ஈரத்தலையைப் பார்த்தாள். குழம்பை ஊற்றினாள்.

"ஜெர்மன்ல சாளைக்கு என்ன சொல்லுவினும் மக்கா?"

"அது இன்னும் படிப்பிக்கல்ல."

"படிப்பிச்சா சொல்லு."

மழைக்காலம் முடிவதற்குள் கிணறு முழுக்கக் கரித்துப்போனது. பக்கத்து வீட்டு ஓமனா குழம்புக்கு அங்கிருந்தே தண்ணீர் எடுத்தாள். "உப்பு வாங்காண்டாம் எக்கா, லாபமாக்கும்" என்றாள். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் சுகிர்தபாய் கிணற்றடியை விட்டு நகரவில்லை. பாறசாலை சந்தையில் லாரிக்குக் கட்டும் கயிறாகப் பார்த்து வாங்கிப் போட்டாள்.

இந்தச் சனிக்கிழமை அறுபதடி, கடைசிப் பாடம். தேறினால் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் இறக்கும் படகில் ஜீனாவை வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். மெதுவாக இழு என்று சொன்னால், எங்கிருந்து என்று அம்மா கேட்பாள். அதோடு கடல் முடிந்தது. சொல்லாவிட்டால் இழுத்துக் கொன்றுவிடுவாள். போதாததற்கு அப்பா ராஜதாஸும் லீவு போட்டிருக்கிறார். ஏனென்று கேட்டதற்கு, "உனக்க அம்மைக்குத் தண்ணி கோர ஒரு ஆள் வேணுமாம்" என்றார்.

கத்தாமல் இருந்துவிட்டால் கயிறு வராது. போர்வைக்குள் வாயை மூடி, மூக்கைப் பொத்திப் பழகிப் பார்த்தாள். நெஞ்சு முட்டியதும் அதே சொல்தான் தொண்டைக்கு வந்தது. அறுபதடியில் மூச்சு நின்றால், அம்மாவை விட்டுவிட்டு வேறு யார் பேரைச் சொல்லிக் கத்துவது?