அசனப் பந்தியில் ஒரு வண்டி

வருடாவருடம் எங்கள் கிறிஸ்தவ சபை கூடி உண்ணும் கோயில் அசனத்தில் முதல் அகப்பை நோயாளிகளுக்கு. பாளையங்கோட்டையில் எங்கள் சபை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கமாம். ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்து இறங்கியதும், பந்தியில் ஒருவர்கூட உட்காருமுன், வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கறி எங்கே கிடக்கும்? அண்டாவின் அடியில். முதல் அகப்பை எதை அள்ளும்? மேலே மிதப்பதை. பதினோரு வருடமாக எனக்கு வந்த மரியாதை எண்ணெயும் இரண்டு உருளைக்கிழங்கும்தான். அதுவும் ஆறிப்போய்.

நான் நோயாளியும் இல்லை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் இரண்டும் சூம்பிவிட்டது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நான் போடும் சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அம்மா இருந்தவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அவள் போனதும் சாலோமி என்கிற என் பெயர் தூக்குவாளிப் பட்டியலில் ஏறிவிட்டது.

இந்த வருடம் பேட்டரி வண்டி வாங்கினேன். உட்கார நாற்காலி, பிடிக்க ஹேண்டில், கீழே நாலு சின்னச் சக்கரம். நடக்கிறவர்களோடு பேசிக்கொண்டே போகலாம். ஓடுகிறவர்களைப் பிடிக்க முடியாது. அசனக் கமிட்டிச் செயலாளர் பாக்கியசீலன் அண்ணனைப் பார்த்து, "சீலண்ணே, இந்த வருசம் எனக்கு வாளி வேண்டாம். நான் பந்திக்கு வாரேன்" என்று சொன்னேன். "ஆகட்டும்மா, ஆகட்டும்மா" என்றார். சின்னக் குழந்தை கலெக்டராகப் போகிறேன் என்றால் பெரியவர்கள் எப்படித் தலையாட்டுவார்களோ, அப்படி ஆட்டினார். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் பேசாமல் வந்துவிட்டேன்.

அசனத்தன்று புதுப் புடவை கட்டி மத்தியானம் கிளம்பினேன். திருடனுக்கு ஆள் இருப்பதுபோல் தெரியட்டும் என்று டிவியை ஓடவிட்டேன். கதவை இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். சார்ஜில் போட்ட போன் உள்ளேயே கிடந்தது. கோயில் முன்வாசலில் படிக்கட்டு. அதனால் தெருவைச் சுற்றிச் சமையல் கொட்டகைப் பக்கம் இருக்கும் பின்வாசலுக்கு விட்டேன்.

போய்ப் பார்த்தால் பந்தல் நிறைய மேஜை, மேஜை நிறைய இலை, இலை நிறையச் சோறு. உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் இல்லை. அண்டா பக்கத்தில் மேலப்பாளையத்துச் சமையல் மாஸ்டர் அசன் மைதீன் மட்டும் ஒரு கையில் அகப்பை, மறு கை தலையில் என்று நின்றார்.

"எல்லாரும் எங்க போயிட்டாவ?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கிய. யாரோ சாலோமின்னு ஒரு அக்காவாம். வாளிய எடுத்துக்கிட்டுப் போயி கதவத் தட்டிருக்காவ. உள்ள டிவி சத்தம் கேக்கு, போனும் அடிக்கி, ஆளு மட்டும் பேசல. கதவ ஒடச்சிப் பாத்தா அந்த அக்காவையும் காணும், வண்டியையும் காணும். வண்டி தறிகெட்டுப் போயி வாய்க்காலுக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டாம். மொத்தப் பந்தியும் எந்திரிச்சு முன்வாசல் வழியா வாய்க்காலுக்கு ஓடிருக்கு."

"நாந்தான் சாலோமி."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்றார். அகப்பை அண்டாவுக்குள் விழுந்துவிட்டது.

அவர் நல்ல மனிதர். உடனே வேறொரு அகப்பையை அடிவரைக்கும் விட்டுக் கறியாக அள்ளினார். "நீங்க சூடா சாப்பிடுங்க" என்றார். குழம்பு வாசனைக்கு வயிறு கத்தியது. ஆனாலும் எனக்கு அழுகைதான் வந்தது. ஆளில்லாத பந்தியில் ஒற்றையாக உட்கார்ந்து தின்பதற்கா இந்த வண்டியை வாங்கினேன்? அதற்கு என் வீடே போதுமே. கதவும் இருந்திருக்கும்.

பந்திக்கு ஆள் கூப்பிடும் மைக் மேஜைமேல் கிடந்தது. எடுத்தேன்.

"நான் சாலோமி பேசுதேன். நான் சாகல. வாய்க்காலுக்குள்ளயும் கெடக்கல. கோயில்லதான் இருக்கேன். சோறு ஆறுது, எல்லாரும் வந்து சாப்பிடுங்க."

கோபுரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அது. வாய்க்கால் என்ன, பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

கால்மணி நேரத்தில் சபை திரும்பியது. முதலில் வந்தவர் பாக்கியசீலன் அண்ணன். இடுப்புக்குக் கீழே ஈரம், வேட்டியில் ஆகாயத்தாமரை.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று கத்தினார்.

"சொன்னம்லாண்ணே. ஆகட்டும்மான்னு தலையாட்டுனியள்லா."

"நீ நெசமாவே வருவன்னு யாருக்குத் தெரியும்?" என்றவர், அவர் சொன்னது அவருக்கே கேட்டதுபோல நின்றார். கண் கலங்கியிருந்தது. பயந்துபோயிருக்கிறார் பாவம். மறுநொடியே பழைய புத்தி வந்துவிட்டது. "சரி, நீ இங்கன வேப்பமரத்தடில நெழல்ல இரு. கூட்டத்துல இடிபடாண்டாம். நான் தட்டுல கொண்டாரேன்."

"எனக்கு மரத்தடி வேண்டாம், சீலண்ணே. பதினோரு வருசமா தனியாத்தான் தின்னேன். எனக்கு எல்லாரோடயும் இருக்கணும்."

அவர் தானே போய் நடு வரிசையில் ஒரு நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தார். அந்த இடத்தில் வண்டியோடு நுழைந்தேன். பக்கத்தில் ரீபா டீச்சர். அவள் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் என் இலையில் கைதவறிச் சாம்பாரை ஊற்றினார். எதிரே இரண்டு பேர் என் கதவை யார் உடைத்தது என்று பெருமையாகச் சண்டை போட்டார்கள். கறி வெந்து பஞ்சாக இருந்தது. சுடச்சுட, நாக்குப் பொள்ளப் பொள்ளத் தின்றேன்.

இரண்டாம் தடவை ரசம் வாங்கியபோது முதுகுக்குப் பின்னால் ஆள் வந்து நின்றாயிற்று. பாங்கியில் வேலை பார்க்கும் சுபின். இடுப்பில் பிள்ளை, முகத்தில் பசி.

"யக்கா, இன்னுமா தின்னுதீய? சட்டுன்னு எந்திரிங்க. அடுத்த பந்திக்கு ஆளு நிக்காவல்லா."

ரீபா டீச்சர் வாயைப் பொத்தினாள். பாக்கியசீலன் அண்ணன் பாய்ந்து வந்தார். "ஏலே, யாருகிட்ட என்ன பேசுத!"

நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். எனக்கு நாற்பத்தாறு வயது. நினைவு தெரிந்ததிலிருந்து என்னை ஒருவரும் எந்திரி என்று சொன்னதில்லை.

"பொறு லே," என்றேன் சுபினிடம். "எலும்பு கடிச்சிக்கிட்டு இருக்கேன்."